பாலில் விட்ட ஒரு சொட்டு

தம்பி, இதை யாரிடமும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். நீ வளர்ந்து, மீசை வைத்து, வேலைக்குப் போகிற ஆளாக இருக்கும்போது இதைப் படித்தால் உனக்குச் சிரிப்புகூட வரலாம். அப்போதும் காட்டாதே. அம்மாவிடம் வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். படித்துவிட்டுக் கிழித்துவிடு. நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். கூடத்தில் அப்பா படுத்திருக்கிறார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தூங்கினால் குறட்டை கேட்கும்.

நான் உன் அக்கா, பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நீ பிறந்து இன்றோடு எட்டு நாள். பத்து வாரம் முன்னதாகவே வந்துவிட்டாய். தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் ஒரு குழாயோடு இருக்கிறாய். அம்மா அதே ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் இருக்கிறாள். நானும் அப்பாவும் ராத்திரிக்கு மட்டும் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டுக் காலையில் திரும்பிப் போகிறோம். இப்படி ஒரு கடிதத்தைப் பெற்றவர்கள்தான் எழுத வேண்டும், அக்கா எழுதக் கூடாது என்று உனக்குத் தோன்றலாம். ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும் முன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கொழந்தைக்கு நீதான் அம்மா” என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் சொன்னதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ வரப்போகிறாய் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. என் வகுப்பில் யாருடைய அம்மாவுக்கும் வயிறு பெரிதாக இல்லை. பள்ளிக்கூட வாசலுக்கு வர வேண்டாம், நானே வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வராமல் இருந்துவிட்டாள். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தாள். ஒரு வாரம் வீட்டில் யாரும் பேசவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, “போய்ப் படி” என்றார் அப்பா. எனக்குத் தங்கையோ தம்பியோ வர இருந்தது என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் யாரோ பேசிக்கொண்டதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். நம் வீட்டில் பெரிய விஷயங்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீ அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாதே. நான் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு வேலை கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில். ஆனால் நம் தெருவில் கேட்டால் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். கோயில் கோஷ்டியில் பாசுரம் சொல்கிறவர் என்றுதான் சொல்வார்கள். யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அவர் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பிப்பார். அழுதுகொண்டிருப்பவர்கள் கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாசுரம் சொல்லத் தெரியும் என்பதுதான் சரி. அதை எடுத்துவிட்டால் அவரிடம் வேறு வார்த்தையே இல்லை என்று இந்த வாரம்தான் தெரிந்தது.

ஏனென்றால் நீ பிறந்ததும் நமக்குத் தீட்டு வந்துவிட்டது. பத்து நாளைக்குக் கோயிலுக்குள் போகக் கூடாது, பெருமாளைச் சேவிக்கக் கூடாது, பாசுரம் சொல்லக் கூடாது. பதினொன்றாம் நாள் வீட்டைச் சுத்தி பண்ணி, உனக்குப் பேர் வைத்த பிறகுதான் எல்லாம். நல்லபடியாகப் பிறந்த குழந்தை என்றால் இது ஒரு கஷ்டமே இல்லை. எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார்கள், பத்து நாள் ஓடிவிடும். பெட்டிக்குள் இருக்கிற குழந்தைக்கு எது வேண்டுமோ அதைப் பெருமாளிடம் கேட்கக்கூட முடியாமல், அப்பா மூன்றாவது மாடி பெஞ்சில் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் பெட்டியில் அம்மாவின் பேரைத்தான் எழுதி ஒட்டியிருந்தார்கள், அவளுடைய குழந்தை என்று. உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எங்களுக்கே தெரியவில்லை.

அந்த பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் செல்வி அக்கா இருந்தாள். மணப்பாறைப் பக்கம், வீட்டில் முறுக்குப் போடுகிறவர்கள். அவளுடைய பெண் குழந்தை உனக்கு அடுத்த பெட்டி, உன்னைவிடச் சின்னது. அவளுக்குப் போன் வந்தால் எல்லாருக்கும் கேட்கும். மாமியார்தான் பேசுவாள், என்ன தின்றாய், எங்கே போனாய், எந்த நேர்த்தியை விட்டுவிட்டாய் என்று. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, “ஏழாம் மாசம் பப்பாளி தின்னேனாம். அதான் இப்படியாம். பாதி மணப்பாறை பப்பாளி தின்னுட்டுத்தாங்க புள்ள பெத்துருக்கு” என்பாள். மேலே வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குத் தையல் வலியிலும் சிரிப்பு வந்துவிடும். நமக்கும் போன் வந்தது. எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு செய்யாமல் விட்டீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். பிறகு எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

டெய்சி அக்கா மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அவள் நர்ஸ் இல்லை. உள்ளே குழந்தை இருக்கிற அம்மா அப்பாக்களோடு உட்கார்ந்து பேசுவதற்காகவே ஆஸ்பத்திரி வைத்திருக்கிற ஆள். முதலில் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பாள். அப்புறம், உங்கள் சாமிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது, சொல்லுங்கள், டாக்டரிடம் கேட்டு வழி பண்ணலாம் என்பாள். செல்வி அக்காவின் வீட்டிலிருந்து சமயபுரத்துக் கயிறு வந்தது. குழந்தை கையில் கட்டக் கூடாது என்றார்கள். டெய்சி அக்கா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, பெட்டிக்கு வெளியே தொங்கவிட ஏற்பாடு செய்தாள். இன்னொரு குழந்தையின் அப்பா வந்து, கையை முழங்கை வரை கழுவிவிட்டு, பெட்டியின் ஓட்டை வழியாகக் குழந்தையின் காதில் மெதுவாக பாங்கு சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் டெய்சி அக்கா அப்பாவிடம் வந்தாள். அப்பா எழுந்து நின்று, “எங்களுக்குத் தீட்டும்மா. பத்து நாள் ஒண்ணும் சொல்லப்படாது. தப்பா நெனச்சுக்காதீங்கோ” என்றார். டெய்சி அக்கா வற்புறுத்தவில்லை. “சரிங்க சார். பாட்டு வேணாம். சும்மா பேசுங்க. உங்க குரல் அவனுக்குத் தெரியும்” என்றாள். அப்பா தலையாட்டினார். உள்ளே போனார். ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அம்மா அவரைக் கேட்டுவிட்டாள். சத்தமாக இல்லை. நான் பக்கத்தில் இருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். “ஏன்னா, ஊரார் ஆத்துக்கெல்லாம் போய்ச் சொன்னேள். நம்ம கொழந்தைக்கு ஒரு வார்த்தை கிடையாதா? அவன் பொறந்ததே பெருமாளுக்குத் தீட்டா?” அப்பா எழுந்தார். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனார். அதில் ஏற்கெனவே வெந்நீர் இருந்தது.

தம்பி, இனிமேல் வருவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். ஆறாம் நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு யூனிஃபார்மோடு கோயிலுக்குப் போனேன். நமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிற பக்கம் போகாமல், வெளியூர்க் கூட்டத்தோடு வரிசையில் நின்றேன். தீட்டோடு உள்ளே போகிறோம் என்று தெரிந்தேதான் போனேன். எப்படியோ தீர்த்தம் வாங்கிக்கொண்டேன். கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைக் குடிக்காமல் கையை மூடிக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய், பையில் வைத்திருந்த கண் சொட்டு மருந்துக் குப்பிக்குள் விட்டேன். குப்பியை முதல் நாளே கழுவி வைத்திருந்தேன். கையைக் கழுவவில்லை. பஸ் கம்பியைப் பிடித்த கை. உன்னைப் பார்க்க வருகிறவர்களை இரண்டு நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். அந்தப் படம் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் தினம் பார்க்கிறேன். ஆனாலும் தீர்த்தம் அசுத்தமாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் மற்ற எல்லாவற்றையும் சுத்தமாக்கும் என்று நினைத்தேன்.

அம்மா எடுத்துக் கொடுக்கிற பாலை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சின்ன மூடி போட்ட டப்பா. அதில் அடியில் கொஞ்சமாகப் பால் இருக்கும். உனக்கு ஒரு தடவைக்கு மூன்று மில்லி, அதையும் குழாய் வழியாகத்தான் விடுவார்கள். அன்று மத்தியானம் மாடிப்படி திரும்புகிற இடத்தில் யாரும் இல்லை. டப்பாவைத் திறந்து ஒரு சொட்டு விட்டேன். ஒரே ஒரு சொட்டு. பால் பாலாகவே இருந்தது. மூடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். டெய்சி அக்காவிடம் கேட்டிருந்தால் அந்தக் குப்பியையே ஒரு உறையில் போட்டு உன் பெட்டிக்கு வெளியே மாட்டியிருப்பாள். கேட்டால் எப்போது கோயிலுக்குப் போனாய் என்ற கேள்வி வரும். அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. ஒன்றை மறைத்தால் அதற்காக அடுத்ததையும் மறைக்க வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலம் நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் அடுத்த டப்பாவைக் கொண்டுபோனபோது கதவு திறந்திருந்தது. உன் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பா குனிந்து நின்றுகொண்டிருந்தார். பேசிக்கொண்டிருந்தார். “டேய், நான் அப்பா. இன்னிக்கு ஒண்ணாம் நம்பர் பஸ்ல நல்ல கூட்டம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுலதான் ஒக்கார எடம் கெடச்சுது. இப்போ மணி ஆறரை. அங்க கோஷ்டி ஆரம்பிச்சிருப்பா. ரெண்டாவது வரிசைல ஒரு எடம் காலியா இருக்கும் பாரு, அது என் எடம்.” அவ்வளவுதான். பிறகு காவேரியில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் மின்விசிறி ரிப்பேர் என்று சொன்னார். உள்ளே இருந்த நர்ஸ் அக்கா என்னிடம், “உங்க அப்பா கண்டக்டரா பாப்பா?” என்று கேட்டுச் சிரித்தாள். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பஸ்ஸைப் பத்தியா பேசறார்? பேசட்டும்” என்றாள். நீ பிறந்த பிறகு நம் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். தீர்த்தம் வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உன் வயிறு உப்பிவிட்டது. முதலில் விட்ட பால் பச்சை நிறமாகக் குழாயில் திரும்பி வந்தது. பாலை நிறுத்திவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். இத்தனை சீக்கிரம் பிறந்த குழந்தைகளுக்கு இப்படி வருவது உண்டு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று டாக்டரம்மா சொன்னார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: “பாலத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா? தேன், சர்க்கரத் தண்ணி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன். தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்.” அம்மா இல்லை என்றாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். பால் எடுக்கும்போது கை கழுவினீர்களா என்று கேட்டார். கழுவினேன் என்றாள். நான் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு கேள்விக்கும் பதில் என்னிடம் இருந்தது. டாக்டரம்மா ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சொட்டை நான் அறியாமல் விட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒரு நிமிஷத்துக்கு எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது தெரியுமா? அம்மா நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டிருக்கிறாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்திருக்கிறது. என் பாலில்தான் ஏதோ இருக்கிறது என்கிறாள். அப்பா உன் பக்கத்திலேயே வருவதில்லை. தீட்டுக் காலத்தில் கிட்டே போய், கோஷ்டியைப் பற்றியெல்லாம் பேசினேனே, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று இன்றைக்கு பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். செல்வி அக்காகூட, என் கயிற்றைப் பக்கத்தில் மாட்டினார்களே, ஏதாவது ஆகியிருக்குமோ என்று அம்மாவிடம் கேட்டாளாம். டெய்சி அக்கா இன்று மத்தியானம் வந்தாள். அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவினாள். இரண்டு கைக்கும் தடவி முடித்தாள். பிறகு, “இங்க வர்ற ஒவ்வொரு அம்மாவும் அப்பாவும் நான்தான் செஞ்சேன்னு சொல்றாங்க. எல்லாரும் எப்படிங்க செஞ்சிருக்க முடியும்?” என்றாள். அம்மா அழுதாள். நான் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டேன். ஏனென்றால் மற்ற எல்லாருக்கும் அது ஆறுதல். எனக்கு இல்லை. நான் செய்திருக்கிறேன்.

அதனால்தான் வந்ததா என்று எனக்குத் தெரியாது. பெருமாள் கோபித்துக்கொண்டாரா, என் கை அழுக்கா, நீ சீக்கிரம் பிறந்ததாலா, எதுவும் தெரியாது. நேற்றெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று நினைத்தேன், பதினொன்றாம் நாள் முடிந்ததும் போய்க் கேட்கலாம் என்று நாளை எண்ணினேன். எழுத எழுத வேறொன்று தோன்றுகிறது. பெருமாளுக்கு இது முன்னமே தெரியும். அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தெரியாதவர்கள் மூன்று பேர்தான்: அம்மா, அப்பா, அந்த டாக்டரம்மா. அவர்களிடம் சொல்லாமல் அவரிடம் மட்டும் சொல்வது வசதியான பக்தி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மா கை கழுவிக்கொண்டே இருப்பாள். நீ சரியாகி வீட்டுக்கு வந்தாலும், உன்னிடம் வாய் திறந்து பேசினால் ஏதாவது ஆகிவிடும் என்று அப்பா பயந்துகொண்டே இருப்பார். நீயும் அவருக்கு உன் மேல் பிரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டு வளர்வாய்.

நீ பெரியவனானதும் உன் நண்பன் யாராவது இப்படி ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிடாதே. எதனால் இப்படி என்று கேட்காதே. பக்கத்தில் உட்கார். சாப்பிட்டாயா என்று கேள். அவன் தன்னுடைய சாமியிடம் பேச முடியாமல் தவித்தால், எது தடுக்கிறது என்று கேட்டு, முடிந்த வழியைத் தேடிக் கொடு. வழி இல்லையென்றால் பஸ்ஸைப் பற்றிப் பேசு. எனக்கு இவ்வளவுதான் தெரியும். இதையும் எட்டு நாளில்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் கேட்டு நடக்கிற அளவுக்கு நான் நல்லவளா என்பதை மட்டும் நீதான் தீர்மானிக்க வேண்டும்.

காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். மருந்து எதை மாற்ற வேண்டும் என்று ரத்தப் பரிசோதனை முடிவு காலையில் வந்த பிறகு பார்ப்போம் என்றார்கள். காலை வரைக்கும் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நோட்டில் மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் அடித்துவிட்டேன். முதலாவதில் கோயிலைப் பற்றியே வரவில்லை. இரண்டாவதில் டெய்சி அக்காவின் மேல் பழி போட்டிருந்தேன். மூன்றாவதில் அம்மா அழுததால்தான் என்று இருந்தது. நான்காவது இப்படி: அப்பா, பாலில் ஒரு சொட்டுத் தீர்த்தம் விட்டேன், கை கழுவவில்லை, டாக்டருக்கு இப்போதே போன் பண்ணுங்கள். இதில் நான் செய்தது மட்டும்தான் இருக்கிறது. இதைத்தான் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், முதல் வார்த்தைக்கு அப்புறம்

அப்பா கதவைத் தட்டுகிறார். “தூங்கலையாம்மா?” என்கிறார். தம்பி, சொல்லிவிட்டு வருகிறேன்